கடல் கடந்து வரும் பதிவுக் கட்டணம்



1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது. அந்நாள் தொட்டுத் தமிழரங்குகளுக்குக் கடல் கடந்து பேராளர் வருவது புதுமையன்று. அவர்தம் கட்டணம் வந்து சேரும் வழிதான் புதிது.

உள்ளூர் உறுப்பினர்க்கு யு.பி.ஐ. போதும். இந்திய வங்கிக் கணக்கு இல்லாத டொராண்டோக் கவிஞர்க்கு அது பயன்படாது. வங்கிக்கு வங்கி அனுப்பினாலோ, இடையிலுள்ள வங்கிகளும் தத்தம் பங்கைப் பிடித்துக்கொள்ளும். 500 ரூபாய்க் கட்டணத்திற்கு அதனினும் மிகுந்த தொகை அனுப்புசெலவாகிவிடும். சிறு தொகைக்கு ஏற்றது அட்டைவழிச் செலுத்துகையே. பேபால் நிறுவனம் இந்தியாவுக்குள் நடக்கும் உள்நாட்டுச் செலுத்துகைகளை 2021 ஏப்ரல் முதல் நிறுத்திவிட்டபோதும், அயல்நாட்டிலிருந்து வருவனவற்றைப் பெற்றுத்தரும் பணியைத் தொடர்ந்தது. பிற நிறுவனங்களிடம் அயல்நாட்டு அட்டைகளுக்கெனத் தனி ஒப்புதல் கேட்டுப் பெறவேண்டும். கணக்கு வட்டத்தின் பெயரில் இருத்தல் இன்றியமையாதது. செயலாளரின் சொந்தக் கணக்கில் வாங்குவது நட்புக்கும் கேடு, கணக்குக்கும் கேடு! கட்டியவர் தம் வங்கியில் முறையிட்டால் வந்த பணம் திரும்பிப் போவதும் உண்டு. ஆகவே, வாராதவர்க்குக் கட்டணம் திருப்பித் தரப்படுமா என்பதைப் படிவத்திலேயே அச்சிட்டுவிடல் வேண்டும்.

இவற்றினும் கூர்ந்து நோக்கத்தக்கது சட்டம். 2010ஆம் ஆண்டின் அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் கட்டணத்தையும் கொடையையும் ஒன்றாகக் கருதுவதில்லை. செய்யும் பணிக்கு ஈடாகப் பெறும் கட்டணம் வேறு; கைம்மாறு கருதாது வரும் நன்கொடை வேறு. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றவர் தமிழரேயாயினும், அவர் கொடையைப் பதிவு பெறாத அமைப்பு ஏற்பது குற்றம். பதிவு பெற்ற அமைப்பும், 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் அதனை முதலில் பெறவேண்டும். இந்தியக் கடவுச்சீட்டை இன்னும் வைத்திருக்கும் துபாய்த் தமிழர் தம் சேமிப்பிலிருந்து தருவது இத்தடைக்குள் வாராது. உறவு ஒன்றே, சட்டம் பார்ப்பதோ குடியுரிமையை. பதிவுப் படிவத்தில் கட்டணத்திற்கு அருகே, "விரும்பினால் நன்கொடையும் சேர்க்க" என்றொரு கட்டம் அன்பு மிகுதியால் இடம்பெறுவதுண்டு. பத்தாண்டுப் பெயரை ஒரே நாளில் இடரில் வீழ்த்த அக்கட்டம் ஒன்றே போதும். கட்டணத்தின் அளவும், அதற்கீடாக அளிக்கப்பெறும் இருக்கை, உணவு, மலர் ஆகியனவும் தெளிவாக எழுதப்பெற்றுத் தணிக்கையாளரின் கண்ணுக்கு முன்னரே காட்டப்பெறல் நலம்.

அட்டையே இல்லாத கவிஞரும் உளர். 2022இல் இலங்கையில் அந்நியச் செலாவணி வறண்டபோது, கையில் பணமிருந்தும் அதனை நாட்டுக்கு வெளியே அனுப்ப இயலாதோர் பலர். அத்தகையோர்க்கு அரங்கின் கதவு மூடப்படலாமா? பணம் வந்த பின்னரே பெயர் பதிவாகும் என்னும் விதியை இயந்திரம் வகுக்கலாம். இலக்கிய வட்டம் வகுக்க வேண்டுவதில்லை. படிவத்தில் "நேரில் செலுத்துவேன்" என்று ஒரு வரி இருக்கட்டும். பெயரை முதலில் எழுதிக்கொண்டு பதிவெண் தந்துவிடலாம். வாயிலில் அவர் இந்திய ரூபாயாகச் செலுத்தும்போது பற்றுச்சீட்டு கிழித்துக் கொடுக்க ஒருவர் அமர்ந்திருந்தால் போதும்.