மேலே ஒரு நாற்காலி, பெரட்டில் எத்தனை?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம வாய்ப்பு, நியாயமான ஊதியம், தலைமைப் பயிற்சி என்னும் மூன்று சொற்களையும் இன்று பெரிய கம்பெனிகள் தம் ஆண்டறிக்கைகளில் அழகாக அச்சிடுகின்றன. நல்ல சொற்கள்தாம். ஆனால் அறிக்கை பட்டணத்தில் அச்சாகிறது. நம் பிழைப்போ விடியுமுன் பெரட்டில் தொடங்குகிறது. அங்கே எழுதியது இங்கே வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது நம் வேலை.

இந்தக் கோரிக்கை நமக்குப் புதிதன்று. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தில் என்ன கேட்டார்கள்? சீனத் தொழிலாளருக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்றார்கள். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்து என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி என்றார்கள். கொடுமை செய்யும் சிப்பந்திகளை நீக்கி, தமிழ் பேசுவோரை அமர்த்து என்றார்கள். கூலியும் மானமும் மேற்பார்வையும் ஒரே மனுவில் இருந்தன. நாதன் நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. தொழிலாளர் உயிர்கள் பலியாயின.

நான் கிராணி. அந்த மனுவில் குறிப்பிட்ட சிப்பந்தி வர்க்கத்தைச் சேர்ந்தவன். பேனா பிடிப்பவனும் உளி பிடிப்பவரும் முறைத்துக்கொண்டு நிற்கும்வரை இருவருக்கும் நஷ்டம்தான் என்பதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

தாய்மார்களே, 1920களின் கடைசியில் முக்கிய வட்டாரங்களில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மரம் ஆள் பார்த்தா பால் கொடுத்தது? 1954இல் சிதறிக் கிடந்த சங்கங்கள் சேர்ந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்த பிறகே பேச்சு மேசையில் நம் குரலுக்குப் பலம் வந்தது. சம வேலைக்குச் சம ஊதியம் என்னும் அனைத்துலகத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 100ஆவது ஒப்பந்தத்தை மலேசியா 1997இல் ஏற்றது. குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கி, 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளிக்கு உயர்ந்தது. ஆண், பெண், உள்நாட்டார், வெளிநாட்டார் எல்லாருக்கும் தொகை ஒன்றே.

அப்படியானால் பேதம் ஒழிந்ததா? விகிதம் ஒன்றானாலும் வருமானம் ஒன்றாவதில்லை. நல்ல மரங்கள் உள்ள நிரை யாருக்கு, பட்டை தேய்ந்த கிழமரங்கள் யாருக்கு? மழையால் வெட்டு நின்ற நாளில் மாற்று வேலை யாருக்கு? ஸ்டோரில் பாலை நிறுப்பவர் யார்? அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை பங்கு என்று மெட்ரோலக் வைத்துக் கணிப்பவர் யார்? இந்தத் தீர்மானங்களைச் செய்பவர் மண்டோரும் கண்டக்டரும் கிராணியும். தீர்மானிக்கும் இடத்தில் நம் பெண்கள் எத்தனை பேர்? உங்கள் தோட்டத்தில் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி ஒவ்வொன்றின் இயக்குநர் சபையிலும் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்ற விதி, பெரிய கம்பெனிகளுக்கு 2022 செப்டம்பரிலும் மற்றவற்றுக்கு 2023 ஜூனிலும் வந்தது. வரவேற்கிறோம். மேலே ஒரு நாற்காலி போட்டவர்கள் பெரட்டிலும் ஓர் இடம் போடட்டும்.

வெளிநாட்டுத் தோழர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நம் பிழைப்பைக் கெடுக்க வந்தார்கள் என்று சிலர் பேசுகிறார்கள். 1941இல் நாம் எதைக் கேட்டோமோ, அதைக் கேட்க இன்று அவர்களுக்கும் உரிமை உண்டு. அவர்களுக்குக் குறைத்துக் கொடுக்க முடியுமானால், நமக்குக் கூட்டிக் கொடுக்க முதலாளிக்கு என்ன முடை? வெளிநாட்டார், உள்நாட்டார் என்று பேதம் காட்டினால் இரு தரப்பாரும் தொழிலாளர் இலாகாவில் முறையிடச் சட்டத்தின் 60எல் பிரிவில் வழி இருக்கிறது. 2023 ஜனவரி முதல் 69எஃப் பிரிவின்படி, வேலையில் எந்தப் பாகுபாடானாலும் விசாரித்து உத்தரவிடத் தலைமை இயக்குநருக்கு அதிகாரம் உண்டு. உத்தரவை மீறினால் அபராதம் 50,000 வெள்ளி வரை. சட்டம் இருக்கிறது, புகார் எழுதத் தெரிந்த கை வேண்டும்.

ஆகவே மூன்று தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, ஒவ்வொருவரின் சம்பளச் சீட்டும் எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதை அவரவர் மொழியில் விளக்க வேண்டும். செக்ரோல் எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன், இது முடியாத காரியமன்று. இரண்டாவது, நிறுவை, மெட்ரோலக், செக்ரோல், மேற்பார்வை ஆகியவற்றில் பெண்களுக்கும் பயிற்சி தர வேண்டும். அதுவும் சம்பளத்தோடு, வேலை நேரத்தில். வெட்டு முடித்து, பால் நிறுத்து, வீடு போய் உலை வைக்கும் தாயை மாலை ஆறு மணிக்குப் பாடம் படிக்க வா என்றால், வராதே என்று சொல்வதற்குச் சமம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கொட்டகையும் திறந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, நமக்கு நாமே இட்டுக்கொள்ள வேண்டிய கட்டளை. நம் கிளைக் கமிட்டியில் பாதி இடம் பெண்களுக்கு. சந்தா கட்டுவதற்கு மட்டும் தாய்மார், மேடையேற ஆண்கள் என்று நடத்திக்கொண்டு, கம்பெனியைப் பார்த்து நியாயம் கேட்க நமக்கு ஏது வாய்?

தோழர்களே, தலைமை என்பது மேலிருந்து இறங்கி வரும் வரமன்று. பக்கத்து நிரைக்காரியின் சீட்டைப் படித்துக் கணக்குச் சொல்லத் தெரிந்தவளே தலைவி. அப்படிப்பட்டவர்களை உருவாக்குவோம். அடுத்த கமிட்டித் தேர்தலுக்கு இன்றே பெயர் கொடுங்கள்.