திகில் படங்களும் அந்தமான் பழங்குடிகளும்

(ஸ்ரீவிஜயபுரத்தில் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திகில் படங்களைப் பற்றிக் கட்சிக் கூட்டத்தில் பேசுவதா என்று சிலருக்குத் தோன்றலாம். இத்தீவுகளில் வாழும் நமக்கு அந்த ஐயம் எழக் கூடாது. மேலைநாட்டுத் திரைக்கு அச்சமூட்டும் உருவம் ஒன்றை வழங்கிய மண் இது.

ஆர்தர் கோனன் டாயில் 1890-இல் வெளியிட்ட ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலில் டோங்கா என்றோர் அந்தமான் பழங்குடி வருகிறான். குள்ளன், நரமாமிசம் உண்பவன், ஊதுகுழலால் நச்சுமுள் எய்து கொல்பவன். 1932, 1983, 1987 ஆகிய ஆண்டுகளில் இந்நாவல் படமானது. ஊதுகுழல் அந்தமான் பழங்குடிகளின் ஆயுதமே அன்று. அவர்கள் கையில் இருந்தவை வில்லும் அம்பும். நரமாமிசக் கதையையோ, அவர்களோடு ஆண்டுக்கணக்கில் பழகிய எட்வர்ட் ஹொரேஸ் மேன் என்ற ஆங்கிலேய அதிகாரியே நாவல் வெளிவருமுன் மறுத்துவிட்டார். கதைக்கு உண்மை தேவைப்படவில்லை.

அதே நாவலில் டோங்காவின் வெள்ளைக்காரக் கூட்டாளி அவனைச் சந்தைகளில் காட்சிக்கு நிறுத்துகிறான். பச்சை இறைச்சி தின்னச் செய்து, போர் நடனம் ஆடச் செய்து, தொப்பி நிறையக் காசு சேர்க்கிறான். 2012-இல் நமது அந்தமான் பெருஞ்சாலைப் பகுதியில் ஜாரவாப் பெண்களை உணவுக்காக ஆடச் சொன்ன காணொலி உலகெங்கும் பரவியதே, நினைவிருக்கிறதா? ஜாரவாக்களின் பகுதியில் அச்சாலையை மூடுமாறு உச்சநீதிமன்றம் 2002-லேயே ஆணையிட்டிருந்தது!

இவ்வழக்கம் பிற தீவுகளையும் விடவில்லை. பிலிப்பைன்ஸில் அமெரிக்கச் சந்தைக்காக எடுக்கப்பட்ட ‘பிரைட்ஸ் ஆஃப் பிளட்’ (1968) படத்தில், அணுகுண்டுச் சோதனையின் கதிர்வீச்சு தீவில் கொடிய உயிர்களை உருவாக்குகிறது. தீவு மக்களோ அந்தக் கொடிய உருவுக்குக் கன்னிப்பெண்களைப் பலியிடுவோராக வருகிறார்கள், நாயகன் அமெரிக்கன். குண்டு எவருடையது என்று படம் கேட்பதில்லை. இயக்கிய ஜெரார்டோ டி லியோனும் எடி ரொமேரோவும் பிலிப்பினோக்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். முதலீடு எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்துதான் பார்வையும் வருகிறது.

நம் நாட்டுப் படங்கள் மேலானவையா? தபன் சின்ஹா மதிப்பிற்குரிய கலைஞர். 1979-இல் அவர் எடுத்த ‘சபுஜ் த்வீபேர் ராஜா’ ஜாரவாக்களைப் பரிவோடுதான் பார்க்கிறது. ஆயினும் அந்தப் பச்சைத் தீவின் ராஜா, அவர்களிடையே வாழும் ஒரு முன்னாள் வங்காளப் புரட்சியாளர்! அரசுரிமைகூட வந்தவருக்கே.

மெய்யான திகில் 1858-இல் கைதிக் குடியேற்றத்தோடு தொடங்கியது. 1859 மே 17 அன்று அபர்தீனில் வில்லேந்தி வந்தவர்களைத் துப்பாக்கிகள் எதிர்கொண்டன. பின்னர் தட்டம்மையும் மேகநோயும் பரவின. பல்லாயிரவராக இருந்த மகா அந்தமானியர், 1961 கணக்கெடுப்பில் 19 பேர்.

நம் தமிழ்த் தோழர்களிடம் ஒரு சொல். இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய குடும்பங்கள் இங்கே உள்ளன. ‘கள்ளத்தோணி’ என்ற வசை அவர்களை எப்படிச் சுட்டது என்று அவர்களைக் கேளுங்கள். ‘ஜாரவா’ என்பதும் பிறர் இட்ட பெயர்தான்; அந்நியர் என்று பொருள். தம்மை அவர்கள் ‘அங்’ என்கிறார்கள். ‘காட்டான்’ என்ற சொல் நம் வீடுகளில் புழங்குவது எனக்கு வேதனை தருகிறது.

இன்று பெரும் நிக்கோபாரில் துறைமுகத்துக்கும் நகரத்துக்குமாக ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காட்டை எடுக்க ஒன்றிய அரசு முனைந்துள்ளது. அது ஷொம்பென் மக்கள் வாழும் தீவு. முதலில் தடையின்மைச் சான்று அளித்த பழங்குடி மன்றம், 2022 நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றுக் கடிதம் எழுதியது. அடுத்த கிளைக் கூட்டங்களில் அக்கடிதத்தை வாசித்து விவாதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.