மாநகராட்சி பட்ஜெட்: கேட்கிற காலத்துல கேளுங்க

இன்னைக்கு நாம பேசப் போறது சொத்துவரி. சேனலை மாத்திடாதீங்க, உங்க வீட்டு ரசீது சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடி எங்க தெருவுல வரி ஏறினப்போ, குடியிருப்போர் சங்கத்துல இருந்து பதினோரு பேர் சேர்ந்து கவுன்சிலரைப் பார்க்கப் போனோம். நல்ல கோபத்துல போனோம். அவர் எல்லாருக்கும் டீ சொன்னாரு. நாங்க பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசல. அப்புறம் சொன்னாரு: "சார், மன்றத்துல தீர்மானம் நிறைவேறி ரெண்டு மாசம் ஆச்சு. ஆட்சேபம் இருந்தா எழுதிக் கொடுங்கன்னு பேப்பர்ல விளம்பரம் வந்துச்சு. நம்ம வார்டுல இருந்து ஒரு கடிதாசுகூட வரல."

அந்தப் பேப்பர் எங்க தெருவுல ஒன்பது வீட்டுக்கு வருது. ஒருத்தரும் அந்த விளம்பரத்தைப் படிக்கல. நானும்தான் படிக்கல. அன்னைக்குக் குடிச்ச டீ இன்னும் தொண்டையில நிக்குது.

அதனால இன்னைக்கு உங்களுக்குச் சொல்ல வர்றது ஒண்ணுதான். வரிக்கும் பட்ஜெட்டுக்கும் ஒரு பருவம் இருக்கு. ஆடியில விதைக்காம தையில அறுக்க முடியாது. எந்த மாசத்துல யார்கிட்ட என்ன கேட்கணும்னு தெரிஞ்சா, பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

முதல்ல, இந்த வரியை யார் தீர்மானிக்கிறாங்க? "மேயர் ஏத்திட்டாங்க"ன்னு சொல்றோம். நிஜத்துல இதுல மூணு கை இருக்கு.

முதல் கை மாநில அரசு. எந்த வரி, எந்த வரம்புக்குள்ளன்னு சட்டம் போடுறது அவங்க. 1998-ல இயற்றின தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரல்ல இருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டமும் அதுக்கான விதிகளும் கட்டின வேலிக்குள்ளதான் எந்த மாநகராட்சியும் வரி போட முடியும்.

ரெண்டாவது கை மன்றம். அதாவது நீங்க ஓட்டுப் போட்டு அனுப்பின கவுன்சிலர்கள் உட்கார்ந்திருக்கிற இடம். சென்னைன்னா 200 வார்டுக்கு 200 பேர், ரிப்பன் மாளிகையில. வரி உயர்வுக்கு அங்கே தீர்மானம் நிறைவேறணும்.

மூணாவது கை, நம்மள்ல பல பேருக்குத் தெரியாதது. உங்க சொத்தைப் பத்தி வருவாய்த் துறை வச்சிருக்கிற பதிவு. கட்டடம் எத்தனை சதுர அடி, வீடா கடையா, சொந்தக் குடியிருப்பா வாடகையா, எத்தனை வருஷப் பழசு, அந்தத் தெருவுக்கு சதுர அடிக்கு என்ன அடிப்படை வீதம். இதை வச்சுத்தான் ஆண்டு மதிப்பு போடுறாங்க, அதுல ஒரு குறிப்பிட்ட பங்குதான் வரி. நூலகத்துக்கான பத்து சதவீத வரியும் அதோட சேர்ந்து வருது.

இப்போ சென்னையில நடந்ததையே எடுத்துக்குவோம். அங்கே 1998-க்கு அப்புறம் இருபது வருஷம் பொதுச் சீராய்வே நடக்கல. 2018-ல உயர்த்தினாங்க. வீட்டுக்கு 50 சதவீதம் வரை, கடைக்கு 100 சதவீதம் வரை. எதிர்ப்பு வந்தது. 2019 நவம்பர்ல அதை நிறுத்தி வச்சாங்க. கூடுதலாக் கட்டினவங்களுக்கு அடுத்த தவணைகள்ல கழிச்சுக் கொடுத்தாங்க. இதுல ஒரு விஷயம் கவனிங்க. 2016 கடைசியில இருந்து 2022 மார்ச் வரைக்கும் சென்னைக்குத் தேர்ந்தெடுத்த மன்றமே கிடையாது. தனி அலுவலர்தான் நிர்வாகம். வரியை ஏத்தினப்பவும் சரி, நிறுத்தினப்பவும் சரி, கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர் இல்ல.

அப்புறம் 15-வது நிதிக்குழு ஒரு நிபந்தனை வச்சது. ஒன்றிய அரசோட மானியம் வேணும்னா, சொத்துவரிக்குக் குறைந்தபட்ச வீதத்தை அறிவிக்கணும், மாநிலப் பொருளாதாரம் வளர்ற வேகத்துக்கு வசூலும் வளரணும். 2022 பிப்ரவரியில உள்ளாட்சித் தேர்தல், மார்ச்ல புது மேயர், ஏப்ரல் 1-ஆம் தேதி வரி உயர்வு அறிவிப்பு. வரிசையைப் பார்த்தீங்களா? வந்து உட்கார்ந்த கவுன்சிலர்கள் நாற்காலி சூடாகுறதுக்குள்ள அவங்க முன்னாடி வந்த முதல் பெரிய கோப்பு இதுதான்.

அந்த உயர்வு எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்ல. பழைய சென்னைப் பகுதியில வீடு 600 சதுர அடிக்குள்ள இருந்தா 50 சதவீதம். 601-ல இருந்து 1,200 வரை 75. அதுக்கு மேல 1,800 வரை 100. 1,800-ஐத் தாண்டினா 150. 2011-ல சென்னையோட சேர்ந்த அம்பத்தூர், ஆலந்தூர் மாதிரி பகுதிகளுக்கு இதே வரிசையில 25, 50, 75, 100.

கையில பேனா இருந்தா எடுங்க. 900 சதுர அடி வீடு. 2022-க்கு முன்னாடி அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டிட்டு இருந்தீங்கன்னு வைங்க. பழைய சென்னைன்னா 75 சதவீதம் ஏறி 1,750. அதே வீடு அம்பத்தூர்ல இருந்தா 50 சதவீதம் ஏறி 1,500. 2024 செப்டம்பர்ல மன்றம் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் போட்டது. அதையும் சேர்த்தா 1,750-ங்கிறது 1,855 ஆகும், 1,500-ங்கிறது 1,590 ஆகும். உங்க ரசீதுல இருக்கிற தொகை இந்தக் கணக்குக்குப் பக்கத்துல வரலன்னா, அதுக்கு அப்புறம் வரி ஏறியிருக்கணும், இல்லன்னா உங்க பதிவுல ஏதோ மாறியிருக்கணும். பரப்பளவு கூடியிருக்கலாம். வீடுங்கிறது கடைன்னு ஆகியிருக்கலாம். இந்த மூணாவது கைக்கு பட்ஜெட் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மாநகராட்சி இணையதளத்துல உங்க மதிப்பீட்டு எண்ணைப் போட்டு இன்னைக்கே பார்க்கலாம். தப்பு இருந்தா ஆணையருக்கு மனு. அங்கே தீரலன்னா மேல்முறையீடு. நோட்டீஸ்ல ஒரு கெடு தேதி போட்டிருப்பாங்க, அதை மட்டும் தவற விடாதீங்க.

சரி, பட்ஜெட்டுக்கு வருவோம்.

சென்னை மாநகராட்சியோட 2025-26 பட்ஜெட் சுமார் 8,400 கோடி ரூபாய். அதைக் கேட்டதும் நமக்கு என்ன தோணும்? "இவ்வளவு பணம் வச்சுக்கிட்டு எங்க தெரு விளக்கு எரியலையே!" நியாயமான கோபம்தான். ஆனா அந்தத் தொகை ஒரே பை இல்ல. சொத்துவரி அதுல சுமார் நாலுல ஒரு பங்கு. மீதி தொழில்வரி, பத்திரப்பதிவுல வர்ற பங்கு, மாநில நிதி ஆணையம் சொல்ற பங்கு, மானியம், கடன். கோசஸ்தலையாறு வடிநிலத்துல மழைநீர் வடிகால் கட்டுறதுக்கு ஆசிய வளர்ச்சி வங்கிப் பணம். கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மன் வளர்ச்சி வங்கிப் பணம். அந்தப் பணத்தை எடுத்து உங்க தெருவுக்கு பல்பு வாங்க முடியாது.

அதனால பட்ஜெட்டை எப்பவும் ரெண்டாப் பிரிச்சுப் பாருங்க. வருவாய்க் கணக்கு, மூலதனக் கணக்கு. சம்பளம், ஓய்வூதியம், குப்பை அள்ளுறது, மின் கட்டணம், கடனுக்கு வட்டி எல்லாம் வருவாய்க் கணக்கு. புதுப் பாலம், புது வடிகால் மூலதனக் கணக்கு. நம்ம வீட்டுல மாசச் சம்பளத்துல மளிகை வாங்குறோம், கடன் வாங்கி வீடு கட்டுறோம் இல்லையா, அதேதான். மளிகைக்கே கடன் வாங்குற நிலை வந்தா வீடு ஆட்டம் காணும். வருவாய்க் கணக்குல பற்றாக்குறை விழுந்தா, அடுத்த வரி உயர்வு தெரு முனையில நிக்குதுன்னு புரிஞ்சுக்கலாம்.

கோவை, மதுரைக்காரங்க இன்னொண்ணும் பார்க்கணும். அங்கே பொது நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதின்னு தனித்தனியா இருக்கும். ஒண்ணுக்கு வந்ததை இன்னொண்ணுக்கு இஷ்டத்துக்குத் திருப்பக் கூடாது. சென்னையில குடிநீருக்கு மெட்ரோ வாட்டர்னு தனி வாரியமே இருக்கு, அந்த வரி தனி. மெட்ரோ வாட்டர் கோபத்தை மாநகராட்சி கவுன்சிலர்கிட்ட கொட்டிட்டு வந்தா ரெண்டு பேருக்கும் நேரம்தான் வீண்.

இப்போ பட்ஜெட் புத்தகத்தைக் கையில எடுங்க. சாதாரணமா மூணு பத்தி இருக்கும். போன வருஷம் நிஜமா ஆன கணக்கு. நடப்பு வருஷத்தோட திருத்திய மதிப்பீடு. வர்ற வருஷத்துக்கான மதிப்பீடு. டிவியில வாசிக்கிறது மூணாவது பத்தி மட்டும்தான். அது கல்யாணப் பத்திரிகை மாதிரி, எல்லாம் அழகா இருக்கும். நீங்க முதல் பத்தியைப் பாருங்க. சாலைப் பராமரிப்புக்கு நூறு ரூபாய்னு போட்டு அறுபதுதான் செலவாகியிருந்தா, "மீதி நாற்பது ஏன் செலவாகல?"ன்னு கேளுங்க. டெண்டர் போகலையா, ஒப்பந்ததாரர் வரலையா, பணமே வரலையா? ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் வேற வேற.

அதே மாதிரி சொத்துவரிப் பக்கத்துல கேட்பு, வசூல், நிலுவைன்னு மூணு எண்ணைத் தேடுங்க. கேட்புன்னா வர வேண்டியது. வசூல்னா வந்தது. நிலுவைன்னா பாக்கி. அந்த நிலுவை பெருசா இருந்தா, ஒழுங்காக் கட்டுற உங்க தலையில இன்னொரு சதவீதம் ஏத்துறதுக்கு முன்னாடி, அதை வாங்க என்ன செஞ்சீங்கன்னு மன்றத்துல யாராவது கேட்டே ஆகணும். கேட்க வைக்கிறது உங்க வேலை.

எப்போ கேட்கிறது? காலண்டர்ல குறிச்சுக்கோங்க.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை: துறைகளும் மண்டலங்களும் அடுத்த வருஷத்துக்கான தேவையைத் தொகுக்கிற நேரம். உங்க தெரு வேலையை எழுத்துல கொடுங்க. "ரோடு சரியில்ல"ன்னு எழுதாதீங்க. எந்த வீட்டு எண்ல இருந்து எந்த எண் வரை, எத்தனை மீட்டர்னு எழுதுங்க. உதவிப் பொறியாளர் மதிப்பீடு போட்டாத்தான் அது பட்ஜெட்டுக்குள்ள நுழையும். கவுன்சிலருக்கு வார்டு மேம்பாட்டு நிதின்னு தனியா ஒண்ணு உண்டு, அதுல இருந்தும் கேட்கலாம்.

ஜனவரி, பிப்ரவரி: ஏரியா சபை. கிராம சபை மாதிரி நகரத்துக்கு வந்த சபை. முதல் தடவை 2022 நவம்பர் 1-ஆம் தேதி நடந்தது. போங்க. பத்துப் பேர் வர்ற இடத்துல நீங்க பேசினா நிச்சயம் காதுல விழும். பேசினதை நடவடிக்கைக் குறிப்புல எழுதச் சொல்லுங்க. இதே காலத்துல வரிவிதிப்பு மற்றும் நிதி நிலைக்குழு என்ன பேசுதுன்னு உங்க கவுன்சிலர்கிட்ட விசாரிங்க.

மார்ச்: பட்ஜெட் தாக்கல், விவாதம், நிறைவேற்றம். தாக்கலுக்கும் நிறைவேற்றத்துக்கும் நடுவுல கிடைக்கிறது ஒண்ணு ரெண்டு நாள்தான். அந்த இடைவெளியில ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து கவுன்சிலர் கையில கொடுங்க. பத்துக் கேள்வி கொடுத்தா பத்தும் காத்துல போகும்.

வரி உயர்வு பேச்சு எப்போ வந்தாலும், ஆட்சேபம் கேட்கிற விளம்பரம் வருதான்னு பேப்பரைப் பாருங்க. சின்ன எழுத்துல, சினிமா விளம்பரத்துக்குப் பக்கத்துல ஒளிஞ்சிருக்கும்.

ஏப்ரல்: அரையாண்டு தொடங்கின 30 நாளுக்குள்ள கட்டினா 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதமானா மாசத்துக்கு 1 சதவீதம் வட்டி. சண்டை போடுறவங்களும் கட்டிட்டுப் போடுங்க. பாக்கி வச்சிருக்கிறவர் கேள்வி கேட்டா, பதில் வேற மாதிரி வரும்.

எங்க தெரு கதைக்கு வர்றேன். அந்த டீக்கு அப்புறம் வந்த நவம்பர்ல, நாங்க டேப் வச்சு அளந்தோம். 140 மீட்டர் வடிகால். ரெண்டு பக்கம் தண்ணி நிக்கிற போட்டோ, பதினோரு கையெழுத்து. அந்த மார்ச் பட்ஜெட்ல வரல. அடுத்த மார்ச்லதான் வந்தது. அதுவும் 140-ல 90 மீட்டருக்குத்தான். மீதி 50 மீட்டருக்கு மனு எழுதி வச்சிருக்கோம். வரி என்னவோ குறையல. ஆனா கவுன்சிலர் இப்பல்லாம் நிலைக்குழுக் கூட்டத்துக்கு முன்னாடி எங்க சங்கச் செயலாளருக்கு போன் பண்றாரு: "அண்ணே, இந்தத் தடவை என்ன கேட்கணும்?"

அந்த போன் வர்றதுக்கு எங்களுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம். வர்ற அக்டோபர்ல ஒரு டேப்பும் ஒரு வெள்ளைத்தாளும் எடுத்துக்கிட்டுத் தெருவுல இறங்குங்க.