கல்லூரியில் முதற் பருவம்

தலைநகரில் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலரின் மக்கள் தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளிற் சேர்கின்றனர். அவர்களை எண்ணியே இதைச் சொல்கிறேன்.

பள்ளியில், “படித்தாயா?” என்று ஆசிரியர் நாள்தோறும் கேட்பார். கல்லூரியில் அவ்வாறு கேட்பாரில்லை. அதனை விடுதலையென்று மயங்கியவர்களுள் நானும் ஒருவன். 1990களின் பிற்பகுதியில், நான் இங்குப் பயின்றபோது, ஆண்டுக்கு ஒருமுறையே தேர்வு. என் ஆங்கிலத்தைக் கேட்டுப் பிறர் நகைப்பரோ என்றஞ்சி, விளங்காதவற்றை வினவாமற் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தேன். முதலாண்டில் ஒரு தாளில் தவறினேன். அதைத் தந்தையாரிடம் சொன்ன மாலைப்பொழுது இன்னும் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

2011க்குள் இளங்கலைப் படிப்புகள் பருவமுறைக்கு மாறிவிட்டன. ஆறு திங்களுக்குள் தேர்வு வந்துவிடும், காலந்தாழ்த்த இடமில்லை. ஆதலின், மாணவர்களே, அன்று கேட்ட பாடத்தை அன்றிரவே உங்கள் சொந்தச் சொற்களில் எழுதிப் பாருங்கள். எழுத வராத இடமே விளங்காத இடம். அதை மறுநாளே ஆசிரியரிடம் கேளுங்கள்.

மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு, தெரியாத சொல்லைப் பிறரிடம் கேட்பது இன்று அன்றாடத் தொழில். பதினெட்டு வயதில் அதற்கே நாணினேன்!

பெற்றோர்களே, “எத்தனை மதிப்பெண்?” என்பதற்கு முன், “இன்று ஆசிரியரிடம் என்ன கேட்டாய்?” என்று வினவுங்கள்.