கரிசலுக்குக் கிழக்கே சூரைக் கடல்

சூரை மீனைத் தூண்டிலில் பிடிக்கும் கடல், கரிசல் காட்டின் கிழக்கு எல்லையிலேயே தொடங்கிவிடுகிறது. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், விளாத்திகுளம் வழியாகப் போகும் சாலை, ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் வேம்பாரில் கரை சேர்கிறது. வழி நெடுகப் பருத்தி, உளுந்து, மிளகாய். மிச்ச இடமெல்லாம் சீமைக்கருவேல். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே வருபவருக்கு முன்னால் திடீரென்று மன்னார் வளைகுடா விரியும். வேம்பாருக்குத் தெற்கே சிப்பிகுளம், பட்டினமருதூர், தருவைகுளம் என்று தூத்துக்குடி வரை மீனவர் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன.

கரைக்கு இணையாக நிற்பவை பவளத்திட்டுத் தீவுகள். 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதால் அங்கே இறங்கவும் மீன் பிடிக்கவும் தடை உண்டு. சூரைக்காரர்களுக்கு அதனால் பெரிய நட்டமில்லை. அவர்கள் தேடும் மீன் தீவுகளுக்கு வெளியே, நீர் நீலமாகிக் கறுக்கும் இடத்தில்தான் திரிகிறது.

வெதுவெதுப்பான இந்த நீரில் சூரை பல வகை. முதுகில் கோணல்மாணலான கருங்கோடுகளும், பக்கத்துடுப்புக்குக் கீழே மை தெறித்தாற்போல் சில புள்ளிகளும் இருந்தால் அது சாதாரணச் சூரை. வயிற்றில் நீளவாக்கில் கோடுகள் ஓடினால் வரிச்சூரை. சிறியது எலிச்சூரை. இன்னும் ஆழத்துக்குப் போனால் மஞ்சள்துடுப்புச் சூரை. முதல் மூன்றுக்கும் காற்றுப்பை கிடையாது. நீந்துவதை நிறுத்தினால் மூழ்கும். வாயைத் திறந்தபடி ஓடினால்தான் செவுளுக்குள் நீர் பாயும், மூச்சும் கிடைக்கும். ஓடி ஓடித் தசையில் பிறக்கும் சூட்டை வெளியே விடாமல் காக்கும் இரத்தக்குழாய் அமைப்பு இருப்பதால், சூரையின் உடல் கடல்நீரைவிட வெப்பமானது. மெல்லிய தூண்டிலுக்கு இது சவாலான மீனாக இருப்பதற்கு உடல் பருமனைவிட இந்த ஓயாத தசைதான் காரணம்.

மீனைக் காட்டிக்கொடுப்பவை பறவைகள். நெத்திலியையும் சாளையையும் சூரைக்கூட்டம் கீழிருந்து மேலே நெருக்கும்போது, ஆலாக்கள் அந்த இடத்தில் சரிந்து சரிந்து பாயும். நாட்டுப்படகு கூட்டத்தின் நடுவே புகுந்தால் எல்லாம் அடியில் போய்விடும்; ஓரமாக வளைத்துத்தான் ஓட்ட வேண்டும். பின்னால் தங்கூசி நூலில் இழுபடும் தூண்டிலில் கோழி இறகோ பளபளக்கும் இழையோ கட்டியிருக்கும். இரை வேண்டியதில்லை. வேகமாக ஓடும் பளபளப்பே போதும்.

கம்பும் ரீலும் கொண்டு பொழுதுபோக்காகப் பிடிப்பவர்கள் சின்ன உலோகமீனை எறிந்து விறுவிறுவென்று சுருட்டுவார்கள். மீன் கடித்ததும் முதல் ஓட்டத்தில் நூல் மளமளவென்று உருவிப் போகும். அப்போது ரீலை இறுக்குவது கெடுதல். நூல் தாங்கும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் ரீலின் பிடி இருக்க வேண்டும். 6 கிலோ தாங்கும் நூலுக்கு 2 கிலோவைத் தாண்டக் கூடாது. களைத்த சூரை கடைசியில் படகுக்கு அடியில் வட்டமிடும். பெரும்பாலான மீன் தப்புவது அங்கேதான். அது வட்டத்தில் மேலே ஏறும்போது சுருட்டி, இறங்கும்போது பொறுத்திருப்பவர் கையில் மீன் சேரும். இந்தப் பொறுமைக்குத் தேவையில்லாமல் வீரப் பட்டம் கொடுப்பதுண்டு. நூலின் கணக்கை மதிப்பதுதான் உண்மையில் அதில் இருக்கிறது.

இந்தக் கரையின் சூரையில் பெரும்பங்கு தூண்டிலில் வருவதன்று. தருவைகுளத்து விசைப்படகுகள் செவுள்வலையோடு பல நாள் தங்கி மீன் பிடிப்பவை. 2023 அக்டோபரில் அவற்றில் ஒன்றை மாலத்தீவுக் கடலோரக் காவல்படை பிடித்துவைத்தது. மாலத்தீவின் சூரைத்தொழிலோ தூண்டிலையே நம்பியது. கழியில் கட்டிய, எதிர்முள் இல்லாத தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுவார்கள். நம் லட்சத்தீவின் மினிக்காயிலும் இதே முறைதான். வலையில் மணிக்கணக்கில் செத்துக் கிடந்த மீனைவிட, இப்படி உயிரோடு ஏறும் மீனின் தரம் உயர்ந்தது.

கடல் தணியும் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் சிறு படகுகளுக்கு வாகானவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. அதையொட்டிக் கச்சான் காற்று வலுத்துவிடும்.

பிடித்த சூரையை உடனே செவுளருகே கீறி இரத்தம் வடியவிட்டு ஐஸில் புதைக்க வேண்டும். உடல் சூடு அதிகம் என்பதால் அது விரைவில் கெடும். அப்போது சதையில் உருவாகும் ஹிஸ்டமின் என்ற பொருள், சமைத்தாலும் அழியாமல் முகச்சிவப்பும் தலைவலியும் வரவழைக்கும். ஐஸ் இல்லாத காலத்துக் கரையோரம் இதற்கு வைத்திருந்த வழி மாசி. வந்த அன்றே சூரையை வேகவைத்து, முள் நீக்கி, புகையூட்டி, மரக்கட்டை போல் இறுகும்வரை வெயிலில் காயவைத்தால் அது மாதக்கணக்கில் கெடாது.