மார்கழிப் பீடையும் மலைப் பள்ளிக்கூடமும்

(கொல்லிமலையில் ஆசிரியத் தோழர்கள் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



70 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி இங்கு வந்து சேர்வதற்குள் நமது தலை சுற்றிய சுற்று நமக்குத்தான் தெரியும். உங்களில் சிலர் திங்கட்கிழமை தோறும் இதே பாதையில் ஏறி வந்து பாடம் நடத்துகிறீர்கள் என்று கேட்டதும், பேச வந்த நமக்கே சற்று வெட்கமாயிருந்தது. ஆகையால் உங்களுக்கு உபதேசம் செய்ய நாம் வரவில்லை. நம் மனதில் பட்டதைச் சொல்லுகிறோம். சரியென்று தோன்றினால் கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள்.

கூட்டம் தொடங்குமுன் ஓர் உபாத்தியாயர் நம்மிடம், "ஐயா, ஆனியில் இருக்கிற உற்சாகம் ஐப்பசி மழையோடு கரைந்துபோகிறது. மார்கழியோ பீடை மாதம், மனசே ஓடுவதில்லை" என்றார். அவர் சொன்னதில் பாதி மெய், பாதி பொய். சலிப்பு என்பது மெய். பீடை என்பது பொய்.

மாதத்துக்கு ஏது பீடை? பூமி சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுகிறது. அதனால் ஆனி மாதத்து நீண்ட பகலைவிட மார்கழிப் பகல் இங்கே ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் குறைந்துபோகிறது. மலை உயரமாயிருப்பதால் கீழே நாமக்கல்லில் இருப்பதைவிடச் சூடு ஐந்தாறு டிகிரி குறைவு. ஈரக்காற்று இரவில் குளிர்ந்து, விடிந்த பின்னும் பனிமூட்டமாய் நிற்கிறது. வெளிச்சம் குறைந்தால் உடம்பு சோர்வதும் கண் சொக்குவதும் இயற்கை. இதற்குப் பீடை என்று பெயர் வைத்தால் பரிகாரம் தேடிப் போவோம். இருட்டு என்று தெரிந்துகொண்டால் ஜன்னல் வைப்போம். இவ்வளவுதான் வித்தியாசம்.

பின்லாந்து தேசத்தின் வடகோடியில் குளிர்காலத்தில் ஏறக்குறைய ஐம்பது நாள் சூரியன் உதிப்பதே இல்லை. அங்கும் பள்ளிக்கூடம் நடக்கிறது. அங்குள்ள வாத்தியார்கள் என்ன, தேவர்களா? கட்டிடம் கதகதப்பாயிருக்கிறது, விளக்கு எரிகிறது, 1948 முதல் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சுடுசாப்பாடு கிடைக்கிறது. நாமும் இதில் பின்தங்கியவர்கள் அல்ல. 1920 இல் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் காலத்தில் சென்னை நகரசபைப் பள்ளிக்கூடம் ஒன்றில் பகலுணவு தொடங்கிற்று. 1956 இல் காமராசர் அதை ராஜ்யமெங்கும் கொண்டுபோனார். 2022 இல் காலை உணவும் வந்தது. குளிரில் நடுங்கி வருகிற பிள்ளைக்கு முதல் பாடம் சுடச்சுட ஒரு தட்டுச் சோறுதான். மற்றப் பாடங்கள் பிறகு.

நிற்க, நமது சொந்தக் கதை ஒன்று சொல்லுகிறோம். நாம் நான்காம் வகுப்பு வரை படித்த பள்ளிக்கூடத்தின் பெயர் இங்கு வேண்டாம். ஒரு மழைக்காலத்தில் வாத்தியார் ஒரு நாள் வரவில்லை, இரண்டு நாள் வரவில்லை, பிறகு வாரக்கணக்கில் வரவில்லை. பூட்டிய கதவைப் பார்த்துப் பார்த்துத் திரும்பிய நம்மை, வீட்டில் ஆடு மேய்க்க அனுப்பினார்கள். தை பிறந்து கதவு திறந்தது. நாம் திரும்பிப் போகவில்லை. அன்று விட்ட படிப்பை, கிழிந்த பத்திரிகைகளையும் இரவல் புத்தகங்களையும் வைத்துக்கொண்டு இருபது வருஷம் இருட்டில் தடவினோம். அந்த வாத்தியாரை இன்று நாம் வையவில்லை. அவரும் தனியாய்க் கிடந்து சலித்தவராயிருக்கலாம். ஆனால் அவருடைய ஒரு மாதச் சலிப்புக்கு நாம் கொடுத்த விலை எவ்வளவு என்று பாருங்கள்!

இந்த மலையிலும் அந்த ஆபத்து உண்டு. குளிர் மாதங்களில்தான் காப்பிப் பழம் பறிப்பு. அப்பனும் ஆத்தாளும் தோட்டத்துக்குப் போனால், சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ள மூத்த பெண் வீட்டில் நிற்கிறாள். பாதிப் பெஞ்சுகள் காலியாகின்றன. காலிப் பெஞ்சைப் பார்த்து வாத்தியாருக்கு உற்சாகம் போகிறது. உற்சாகமில்லாத வாத்தியாரைப் பார்த்து மிச்சப் பிள்ளைகளும் நிற்கின்றன. இதை எங்கேயாவது ஓர் இடத்தில் அறுக்க வேண்டாமா?

1913 இல் ஜெசி பிராண்ட், எவ்லின் பிராண்ட் என்ற வெள்ளைக்காரத் தம்பதிகள் இந்த மலைக்கு வந்து குடியேறினார்கள். மதம் பரப்ப வந்தவர்கள். அது நமக்கு உடன்பாடல்ல. ஆனால் கட்டிட வேலையும் வைத்தியமும் கற்றுக்கொண்டு வந்தார்கள், பள்ளிக்கூடமும் வைத்தார்கள். கணவர் 1929 இல் மலேரியாவின் கொடிய வகைக்குப் பலியானார். மனைவியோ வயோதிகத்திலும் மலைகளை விடாமல் உழைத்து 1974 இல் மாண்டார். அவர்கள் வெறும் ஜெபத்தால் நிலைத்தார்கள் என்றால் நாம் நம்பமாட்டோம். நேற்று எழுந்திருக்க முடியாத நோயாளி இன்று நடப்பதைக் கண்ணால் கண்டார்கள், அதனால் நிலைத்தார்கள். உற்சாகம் என்பது வானத்திலிருந்து விழுவதல்ல. செய்த காரியத்தின் பலனைக் காண்பதால் பிறப்பது.

ஆகவே, ஆசிரியத் தோழர்களே! ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். இன்று எந்தப் பிள்ளை எந்த எழுத்தைப் புதிதாய்ப் படித்தது என்று தினம் ஒரு வரி எழுதுங்கள். மனம் சோரும் நாளில் அதைப் புரட்டிப் பாருங்கள். பனி விலகும்வரை கரும்பலகையோடு போராடாதீர்கள். முதல் மணியைப் பாட்டுக்கும் கதைக்கும் வாய்க்கணக்குக்கும் கைகால் பயிற்சிக்கும் விடுங்கள். வெயில் வந்ததும் வகுப்பை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். மாதம் ஒரு முறை பக்கத்து நாட்டு ஆசிரியர்களோடு கூடிப் பேசுங்கள். தனிமைக்கு அதைவிட மருந்தில்லை.

பெற்றோர்களே! வாத்தியாரைத் தெய்வம் என்று கும்பிட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். தெய்வத்துக்குக் கம்பளி வேண்டாம், ஒழுகாத வீடு வேண்டாம், வாத்தியாருக்கு வேண்டும். அவரும் மனிதர். அவருக்குத் தங்க நல்ல அறையும், பள்ளிக்கூடத்துக்கு ஒழுகாத கூரையும், எரிகிற விளக்கும் கேட்டுச் சர்க்காரிடம் போக வேண்டியவர்கள் நீங்கள். பறிப்புக் காலத்தில் கைப்பிள்ளைகளை அங்கன்வாடியில் விட்டு, மூத்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியவர்களும் நீங்களே.

தோழர்களே! மார்கழி முடிந்தால் தை தானாக வரும். ஆனால் மார்கழியில் நின்றுபோன பிள்ளை தையில் தானாக வராது. அதற்குக் கதவு பூட்டாதிருக்க வேண்டும். நாளைக் காலையில் பனி எவ்வளவு இருந்தாலும் அந்தக் கதவைத் திறந்து வையுங்கள் என்று கேட்டுக்கொண்டு, நமது பேச்சை முடித்துக்கொள்ளுகிறோம்.