படையா, பட்டறையா?

(பேராக் மாநிலம், ஜெலாப்பாங்கில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)



இந்த ஜெலாப்பாங் வட்டாரத்தில் இன்று பட்டறைகளும் தொழிற்கூடங்களும் நிறைந்துள்ளன. முன்பு தோட்டங்களாக இருந்த இடங்கள் பல, பேராக் முழுவதும் செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பால்வெட்டும் கத்தி தந்தையிடமிருந்து மகனுக்கு வந்துசேர்ந்த காலம் கடந்துவிட்டது. நம் பிள்ளைகள் லோரி பழுதுபார்க்கவும், வெல்டிங் செய்யவும், மின்கம்பி இழுக்கவும் கற்று வருகின்றனர். அவர்களுள் சிலர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கின்றனர்: "கற்ற தொழிலைத் தொடர்வதா? இராணுவத்தில் சேர்வதா?"

இது ஓர் இளைஞரின் கேள்வி மட்டுமன்று. குடும்பம் முழுவதன் கேள்வியுமாகும். மூத்த மகனின் முதல் சம்பளத்தை எதிர்பார்த்துத் தம்பி தங்கையரின் படிப்பு காத்திருக்கும் வீடுகளை நாம் அறிவோம். ஆகவே இதனை உணர்ச்சியால் அன்றி, நிதானத்தால் தீர்மானித்தல் வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்குவோம். தேசிய சேவைப் பயிற்சி வேறு, இராணுவத்தில் சேர்வது வேறு. தேசிய சேவைப் பயிற்சி 2004-இல் தொடங்கி 2018-இல் நிறுத்தப்பட்டு, 2025-இல் 45 நாள் பயிற்சியாக மீண்டும் தொடங்கப்பட்டது. அதில் பங்குபெற்றவர் வீடு திரும்பித் தம் வேலையைப் பார்க்கலாம். அண்டை நாடான சிங்கப்பூரில் 1967 முதல் இளைஞர்க்குப் படைச்சேவை கட்டாயம். நம் நாட்டிலோ முழுநேரப் படைவீரராவது அவரவர் விருப்பம். விருப்பத்தால் ஏற்பதாலேயே நன்கு விசாரித்து ஏற்றல் கடமையாகிறது.

"இராணுவம் நமக்கு உரியதன்று" என்று கூறும் பெரியவர்கள் நம்மிடையே உள்ளனர். அவ்வெண்ணத்திற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1933-இல் போர்ட்டிக்சனில் உருவான மலாய்ப் படைப்பிரிவு மலாய்க்காரர்களுக்கென அமைந்தது. ஆயினும் 1952-இலேயே பல இனத்தவரும் சேரக்கூடிய கூட்டரசுப் படைப்பிரிவு தோன்றியது. இன்று அரச ரெஞ்சர் படையிலும், பொறியாளர், சமிக்ஞை, மின் இயந்திரப் பிரிவுகளிலும், கடற்படை, வான்படை ஆகியவற்றிலும் எல்லா இனத்தவரும் இடம்பெறுகின்றனர். அரச மலேசியக் கடற்படைக்கு 1967-இல் தலைமை ஏற்ற முதல் மலேசியர், தமிழரான கே. தனபாலசிங்கம் அவர்களே. அவர் அதிகாரியாகச் சேர்ந்தவர். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் சாதாரண வீரராகவே நுழைவர் என்பது உண்மை. எனினும் வாசல் நமக்கும் திறந்தே இருக்கிறது என்பதற்கு அவர் சான்று.

படை என்ன தருகிறது? மாதந்தோறும் தவறாத சம்பளம், தங்குமிடம், மருத்துவ வசதி, ஒழுங்கு, நட்பு. 1972-இல் அமைக்கப்பட்ட இராணுவச் சேமநிதியில் சாதாரண வீரரின் சம்பளத்திலிருந்து 10 விழுக்காடும், அரசாங்கத்தின் பங்காக 15 விழுக்காடும் செலுத்தப்படுகின்றன. கைத்தொழில் கற்றவருக்கு வாகனப் பராமரிப்பு, மின்னியல் போன்ற தொழில்நுட்பப் பிரிவுகளில் சேர வாய்ப்புண்டு. ஆனால் எந்தப் பிரிவில் அமர்த்துவது என்பதைப் படையே முடிவு செய்யும். மெக்கானிக்காகச் சேர நினைத்தவர் துப்பாக்கி ஏந்தும் பிரிவுக்கும் அனுப்பப்படலாம்.

படை என்ன கேட்கிறது? பட்டறையில் தவ்கேயுடன் மனம் ஒவ்வாவிட்டால் வேறு பட்டறைக்குச் செல்லலாம். படையில் அவ்வாறு இயலாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஆண்டுகள் வரை 1972-ஆம் ஆண்டு ஆயுதப்படைச் சட்டம் அவரைக் கட்டுப்படுத்தும்; அனுமதியின்றி முகாமை விட்டு நீங்குவது குற்றமாகும். தீபாவளிக்கு வீடு வர இயலாமல் போகலாம். சபா, சரவாக் எல்லைக்கும் அனுப்பப்படலாம். உயிருக்கும் ஆபத்து நேரலாம். 1968 முதல் 1989 வரை நீடித்த இரண்டாவது கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியின்போது இந்தப் பேராக் காடுகளிலேயே வீரர்கள் உயிர் நீத்தனர். அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

இனி, தொழிலின் பக்கம் பார்ப்போம். 2,000 ரிங்கிட் சம்பளம் பெறும் ஒருவருக்குச் சேமநிதியில் அவர் பங்கு 11 விழுக்காடு, அதாவது 220 ரிங்கிட். முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, அதாவது 260 ரிங்கிட். மாதம் 480 ரிங்கிட் சேர்கிறது. வேலையிடத்தில் விபத்து நேரிட்டால் சொக்சோ பாதுகாப்பும் உண்டு. ஆனால் இவையெல்லாம் சிக்கலின்றிக் கிடைக்க, முதலாளி முறைப்படி பதிவு செய்திருத்தல் வேண்டும். கையில் ரொக்கமாகக் கூலி வாங்கி, எந்தப் பதிவும் இல்லாமல் பத்து ஆண்டுகள் உழைத்தவர் முதுமையில் எதைக் காட்டுவார்? சேமநிதிக் கணக்கைப் பிள்ளைகள் அடிக்கடி பார்த்து உறுதி செய்துகொள்ளல் வேண்டும்.

இவ்விரு வழிகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அதுவே சான்றிதழ். நம் இளைஞர்களில் பலர் கையால் நன்றாக வேலை செய்கின்றனர். காகிதத்தில் அதற்குச் சான்று இல்லை. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் இதற்கென்றே உள்ளது. அனுபவத்தின் அடிப்படையிலும் அதற்கு விண்ணப்பிக்கலாம். மின்வேலை செய்பவர் எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன் தகுதிச் சான்றிதழைப் பெறுதல் வேண்டும். சான்றிதழோடு படைக்குச் செல்பவர் தம் தகுதியை எடுத்துக்காட்டலாம். படையிலிருந்து வெளிவரும்போதும் அது உதவும். பட்டறையில் இருப்பவருக்கு அது சம்பள உயர்வு கேட்கும் துணிவைத் தரும். ஆகவே, பயிற்சி முடியும் தறுவாயில் உள்ள இளைஞருக்கு நாம் கூறுவது இதுதான்: முதலில் சான்றிதழைக் கையில் பெறுக, பிறகு முடிவு செய்க. அதே வேளையில், படைச் சேர்க்கைக்கு வயது வரம்பு உண்டு என்பதையும் மறந்துவிடலாகாது. முடிவைத் தள்ளிக்கொண்டே போனால் ஒரு கதவு தானாகவே அடைபட்டுவிடும்.

இரண்டையும் விட மனமில்லாதவர்க்கு வத்தானியா தொண்டர்படை என்னும் வழியும் இருக்கிறது. அன்றாட வேலையில் இருந்துகொண்டே ஓய்வு நேரங்களில் பயிற்சி பெறலாம். பயிற்சிக்குப் படித்தொகையும் உண்டு. சீருடை வாழ்வு தமக்கு ஏற்றதா என்பதை அங்கேயே அறிந்துகொள்ளலாம்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். "படையில் இடம் வாங்கித் தருகிறோம்" என்று பணம் கேட்பவர் வந்தால் ஒரு காசும் கொடாதீர்கள். படைச் சேர்க்கைக்குக் கட்டணம் இல்லை. விண்ணப்பத்தையும் ஒப்பந்தத்தையும் பிள்ளையோடு அமர்ந்து படியுங்கள். எத்தனை ஆண்டுகள், எந்தப் பிரிவு, ஓய்வூதியத்திற்கு என்ன தகுதி, இடையில் விலகினால் என்ன நேரும் என்னும் நான்கு கேள்விகளையும் படைச் சேர்க்கை அதிகாரியிடம் நேரில் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

பிள்ளையை அனுப்ப அஞ்சும் தாயையும் நாம் குறைகூறோம். சீருடையை விரும்பும் மகனையும் குறைகூறோம். ஒருவர் மற்றவருக்காகத் தம் விருப்பத்தை வாய்திறவாமல் விழுங்கிவிட்டு, பின்னர் வாழ்நாளெல்லாம் மனம் புழுங்குவதே துன்பம். இன்றிரவு உணவு வேளையில் இதைப் பேசுங்கள். லோரியைச் சீர்செய்யும் கையும் எல்லையைக் காக்கும் கையும் நாட்டுக்குத் தேவை. எந்தக் கை நம் பிள்ளையுடையது என்பதை அவனே, முழுவிவரமும் அறிந்து, தேர்ந்தெடுக்கட்டும்.